யூலை பதினைந்துவரை நிற்கும் புல்

அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் புல்லக்கா. முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சுவிசில், கூர் நகரத்திலிருந்து தபால் பஸ்ஸில் நாற்பது நிமிடம் மேலே ஏறினால் அவருடைய வீடு. வீட்டுக்குக் கீழே ஒரு பெரிய சரிவு, சரிவு முழுக்கப் புல். அக்கா அதற்குள் குந்தியிருந்தால் ஆளே தெரியாது. கூப்பிட்டால் எங்கிருந்தோ ஒரு கை மட்டும் எழும்பும். அவர் அந்த மலையை விட்டு இறங்கிச் சில வருடங்களாகிவிட்டன. என் கண்ணுக்கு இப்போதும் முதலில் வருவது அந்தக் கைதான்.

நிற்கிற புல்லைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும். அது என் குணம், தொழிலும் அதுதான். கூரில் ஒரு மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேலாகத் துப்புரவுப் பகுதியில் வேலை. நிலத்தில் ஒரு துளி கிடந்தால் நான் அதைத் தாண்டிப் போகமாட்டேன். வீட்டில் மனைவி கடைசி வாய் வைக்குமுன்னரே கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விடுவேன். "ஒரு நாளைக்கு என்னையும் சேர்த்துக் கழுவி அடுக்கப்போறியள்" என்பாள்.

அக்கா இதற்கு நேரெதிர். அவர் அதிகம் பாவித்த வார்த்தை, "இருக்கட்டும் விடு." வாசற்படியில் ஒரு பலகை உக்கிப்போய்க் கிடந்தது. நான் மாற்றித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும் விடு, அதுக்குக் கீழ ஒண்டு குடியிருக்கு" என்றார். என்ன குடியிருக்கிறது என்று கேட்டால் சிரிப்பு. ஒருமுறை குசினிக் கதிரையில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. நான் விரட்டப் போனேன். "இருக்கட்டும் விடு தம்பி, இப்பதான் கண் அயந்தது" என்றார். நான் நின்றுகொண்டே தேத்தண்ணீர் குடித்தேன்.

அவரை நான் திரும்பச் சந்தித்ததும் இந்த வார்த்தையால்தான். மருத்துவமனை மாடியில், யன்னலுக்கு வெளியே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. நான் நீளத் தடியை நீட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் தமிழில், "இருக்கட்டும் விடு. உள்ள கிடக்கிற மனிசன் காலமையிலயிருந்து அதைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறார்" என்றது. திரும்பினேன். மலைக்காரர்களின் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெண்.

"நீ சின்னம்மான்ர மகனல்லோ?"

"ஓம் அக்கா" என்றேன். தடியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் என் பெரியம்மாவின் மகள். அகதியாக வந்தவரை ஒரு மலைக்கிராமத்து முகாமில் விட்டார்கள். ஊரில் அவருக்கு மாப்பிள்ளை பேசி நாளும் பார்த்த நேரத்தில், முகாமுக்குப் பக்கத்துச் சுவிஸ் பண்ணைக்காரரைக் கட்டிக்கொண்டேன் என்று அவருடைய கடிதம் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா வீட்டில் சுவரிலிருந்த அவருடைய படத்தைக் கழற்றினார்கள். சுவிசில் இருந்த நாங்களும் அதையே செய்தோம். கழற்றுவதற்கு எங்களிடம் படம் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பெரிய மாமா ஒரு சொல் சொன்னார், அது முப்பது வருடம் நின்றது. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, எதற்கும் அக்காவுக்குச் சொல்வதில்லை.

சிலந்தியைப் பார்த்துக்கொண்டு கிடந்த அத்தான் அந்த மாதமே போய்விட்டார். செத்தவீட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. எனக்கு அன்று வேலை. வேலை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் மாதம் ஒருமுறை மலைக்குப் போகத் தொடங்கினேன். ஏன் செத்தவீட்டுக்கு வரவில்லை என்று அக்கா கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கே போனால் என்னால் இருக்க முடியாது. எழும்புவேன், நடப்பேன், எதையாவது எடுத்து எங்காவது வைப்பேன். வீட்டைச் சுற்றி எல்லாம் குவியல். சரிவின் நடுவில் ஒரு கற்குவியல், வேலியோரம் காய்ந்த கிளைக் குவியல், ஆட்டுக் கொட்டிலைச் சுற்றிச் சொறிச்செடி. சரிவின் நாலு மூலையிலும் தலையில் சிவப்புச் சாயம் அடித்த மர முளைகள் வேறு. இந்த நாட்டில், குப்பைப் பையைப் பிழையான நாளில் வெளியே வைத்தாலே கடிதம் வருகிற நாட்டில், ஒருவர் இப்படி வாழலாமா?

"வெட்டாமல் விடுறதுக்குத்தான் அரசாங்கம் காசு தருது" என்றார் அக்கா.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைச் சரிவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சிவப்பு முளைகளுக்குள் யூலை பதினைந்துக்கு முன்னர் கத்தி வைக்கக்கூடாதாம். பூத்து, காய்த்து, விதை நிலத்தில் விழவேண்டுமாம். வருகிற பரிசோதகர் மூன்று எட்டு வைத்து ஒரு வட்டம் பிடிப்பார். அந்த வட்டத்துக்குள் பட்டியலில் உள்ள செடிகளில் ஆறு வகையாவது நிற்கவேண்டும். நின்றால் கூடுதல் காசு. சரிவு கிராமசபையின் குத்தகைக் காணி. அந்த ஆறும் நிற்கிறவரைதான் குத்தகையும். சரிவு போனால் குளிர்காலத்துக்குக் காய்ந்த புல் இல்லை, காய்ந்த புல் இல்லாவிட்டால் ஆடுகள் இல்லை, ஆடுகள் இல்லாவிட்டால் சந்தையில் விற்கப் பாற்கட்டி இல்லை. அக்காவின் சீவியம் முழுக்க அந்த ஆறு செடியில் நின்றது.

அந்த ஆறுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். தண்டு வளையாமல் வெள்ளைத் தலையோடு விறைத்து நிற்கிறது பெரிய மாமா. நிலத்தோடு ஒட்டிக் கிடந்து, கிட்டப் போனால் குத்துகிறது என் அம்மா. நசித்தால் மட்டும் மணக்கிறது லண்டன் சித்தி. பிறகு குனிந்து ஒரு மெல்லிய புல்லைத் தொட்டுக் காட்டினார். தலையில் சின்னச் சின்ன மணிகள், காற்றே இல்லை, ஆனாலும் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது நீ" என்றார். "ஒரு நேரம் சும்மா நிக்காது."

"ஆறு பேரும் ஒழுங்கா வருவினமோ அக்கா?"

"இதுகள் வருசாவருசம் வரும்" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டுவதை நிறுத்தினாள்.

"காசு குடுத்துப் புல்லு வளர்க்கச் சொல்லுற அரசாங்கம் எங்கையப்பா இருக்கு? உங்களுக்கு விளங்கேல்லையோ? தனி மனிசி, அந்த இறக்கத்தில நிண்டு வெட்ட ஏலாமக் கிடக்கு. வாய்விட்டுக் கேக்க மானம் விடேல்லை. அதுதான் அரசாங்கத்தைச் சாட்டுறா."

எனக்கு அது உடனே விளங்கியது. இன்றைக்கும் நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளவேண்டும் போலிருக்கும். அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களில் யார் உதவி வேண்டும் என்று நேரே கேட்டிருக்கிறார்கள்? பசித்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பார், நாங்கள் அதைக் கேட்காமல் சோற்றைப் போடுவோம். அப்படித்தான் பழகியிருக்கிறோம். அக்காவின் ஆறு செடியையும் பதினைந்தாம் திகதியையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

வட்சப்பில் ஒரு குழு தொடங்கினேன். பெயர், 'மலைக்குப் போவம்'. அத்தானுக்கு அழாத கடனை இப்படியாவது தீர்ப்போம் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நான் எதிர்பார்த்தது ஐந்து பேர், எங்களோடு சேர்த்து வந்தது பதினாலு. பெரிய மாமாவுக்கு யார் சொன்னார்களோ, அவரும் தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றார். "செத்தவன்ர வளவு பத்தையாக் கிடக்கக்கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அது யூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அக்கா விடியவே கூர்ச் சந்தைக்குப் பாற்கட்டி கொண்டு போய்விடுவார், இரண்டு மணி பஸ்ஸில்தான் திரும்புவார். அதற்குள் முடித்து அவரை ஆச்சரியப்படுத்துவது திட்டம். கட்டடங்களைப் பராமரிக்கிற வேலை செய்யும் ஒரு நண்பர் தன் வாகனத்தில் புல் வெட்டும் பெற்றோல் மெஷின்கள் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றை நான் தோளில் மாட்டினேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது! புல் சாய்ந்து விழ விழ எனக்கு உடம்பில் இருந்த ஏதோ ஒரு கடி அடங்கியது. பிள்ளைகள் வாரினார்கள், பெண்கள் கட்டினார்கள். கற்குவியலைக் கலைத்து மரக்கறிப் பாத்தியைச் சுற்றி அழகாக அடுக்கினோம். அதற்குள்ளிருந்து ஓணான் போல ஏதோ ஓட, பிள்ளைகள் கத்தினார்கள். கிளைக் குவியலை அவருடைய வாகனத்தில் ஏற்றிக் கிராமத்துக் குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோய், கட்டணமும் கட்டிவிட்டு வந்தோம். சிவப்புத் தலை முளைகளைப் பிடுங்கியது நான்தான். மெஷினுக்கு இடைஞ்சலாக இருந்தன. பெரிய மாமா கதிரையில் இருந்தபடி, "அங்கால ஒரு துண்டு நிக்குது, கண் தெரியேல்லையோ" என்று எல்லோரையும் விரட்டினார்.

ஒன்றரை மணியளவில் வேலை முடிந்து மெஷின்களை நிற்பாட்டினோம். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பாதையால் அக்கா வந்தார், கையில் வெறும் கூடை. இரண்டு மணி பஸ் இன்னும் வரவில்லையே என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

எல்லோரும் வேர்த்து வழிய வரிசையாக நின்றோம். அக்கா சரிவைப் பார்த்தார். மொட்டை அடித்த தலைபோல அது பளபளத்தது. பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியாகப் பெரிய மாமாவிடம் வந்து நின்றார்.

"மாமா, உந்தக் காலோட பஸ்ஸில ஏறி வந்தனீங்களோ?"

மாமா தடியை மற்றக் கைக்கு மாற்றினார். "வந்தனான் பிள்ளை" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேச்சு. என் மனைவி விக்கி விக்கி அழத் தொடங்கினாள். அக்கா, "எல்லாரும் கைகால் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனார்.

அவரிடம் இருந்தது நாலு கப். மற்றவர்கள் ஜாம் போத்தலில் குடித்தோம். கொண்டுவந்த இடியப்பமும் சம்பலும் றோல்சும் புல்லில்லாத புல்வெளியில் இருந்து சாப்பிட்டோம். பெரிய மாமா ஆட்டுப் பாற்கட்டியில் ஒரு கடி கடித்து, முகம் சுழித்து, நல்லாயிருக்கு என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. பஸ்ஸில் இறங்கி வரும்போது, எங்கள் குடும்பத்தில் உருப்படியான ஒரு வேலை செய்தவன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, லீவு நாளில், மேலே போனேன். உண்மையைச் சொன்னால், பாராட்டு வாங்கத்தான் போனேன். வேலியோரம் சப்பாத்து முழுக்கச் சேறோடு ஓர் இளம்பெண் கையில் கணினிப் பலகையுடன் நின்றிருந்தார். பரிசோதகர். அவர் சரிவைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாக இருந்தார். பிழையான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்திருக்கவேண்டும்.

புல் வெட்டிய நாளை அக்கா தன் வயற்குறிப்புப் புத்தகத்தில் உள்ளபடி எழுதி வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டினார். பெண் வாசித்துவிட்டு, யார் வெட்டியது என்று கேட்டார். விதிக்கு அது தேவையில்லை, வாய் தவறிக் கேட்டிருக்கவேண்டும். அக்கா ஜெர்மனில் இரண்டே சொல்லில் பதில் சொன்னார். தமிழில் அது, "என்ர ஆக்கள்."

பரிசோதகர் என்ன செய்வார் பாவம், நடுவில் இருந்த ஒரு பெரிய பாறைக்குப் போனார். மெஷின் போகாத ஒரு துண்டு அதைச் சுற்றி மிஞ்சியிருந்தது. அதற்குள் குனிந்து எண்ணினார். நாலு வகை. நானும் முழங்காலில் விழுந்து தேடினேன். பெரிய மாமா நின்றார், குத்துகிற என் அம்மா கிடந்தார். நடுங்குகிற புல்லைக் காணவில்லை. அதைத்தான் நான் முதலில் வெட்டியிருப்பேன்.

போகுமுன் அந்தப் பெண் ஒரு வழி சொன்னார். அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில், அவருக்குத் தெரியாமல் பிறர் செய்தது என்று ஒரு கடிதம் எழுதினால், மேலிடம் யோசிக்கக்கூடும். எனக்கு உயிர் வந்தது.

"எழுதுங்கோ அக்கா, இப்பவே எழுதுவம். நான் கையெழுத்துப் போடுறன். நீங்கள் வீட்டில இல்லைத்தானே, அது உண்மைதானே!"

"உண்மையில்லை" என்றார்.

"சந்தையிலயெல்லோ நிண்டனீங்கள்?"

"அண்டைக்குப் பாற்கட்டி வெள்ளன வித்திட்டுது. பத்தரை பஸ்ஸில வந்திட்டன்." மேலே பஸ் தரிப்பைக் காட்டினார். அங்கே ஆட்கள் இருக்க ஒரு மரவாங்கு இருந்தது. அதிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும். "அதில இருந்தனான்."

"மூண்டு மணித்தியாலமோ?"

"ஓம்."

"அப்ப எவ்வளவு நிண்டது?"

"முக்கால்வாசி நிண்டது."

நான் கத்திவிட்டேன். "ஒரு சத்தம் வைச்சிருக்கலாமே அக்கா! ஒரு கை காட்டியிருந்தாக் காணுமே!"

ஆடு ஒன்று வந்து அக்காவின் சட்டையைச் சப்பியது, அதையும் விட்டார்.

"மாமா கதிரையில இருந்து எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தார்" என்றார். "பிள்ளையள் ஓடித்திரிஞ்சுதுகள். நான் வந்து, ஐயோ என்ன வேலை செய்து போட்டியள் எண்டு கேட்டிருந்தா, நீங்கள் எல்லாரும் முகம் செத்துப்போய் அடுத்த பஸ்ஸில இறங்கியிருப்பியள். பிறகு ஆர் வரப்போகினம்? இவர் செத்தண்டைக்கு இந்த வீட்டில நான் ஒராள்தான் தம்பி."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவையளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை. இருக்கட்டும் விடு. வாற வருசம் பதினைஞ்சு கழிய வரச்சொல்லிக் கேப்பம்."

தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்லக்கூடாது என்றுதான் பஸ்ஸில் ஏறினேன். அந்த மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியாது. நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் கைத்தொலைபேசி கையில் இருந்தது. நாங்கள் செய்த காரியம் இது, அக்காவின் காணி போகப்போகிறது, இந்தத் திகதிக்குள் ஆளுக்கு இவ்வளவு போடவேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி 'மலைக்குப் போவம்' குழுவில் அனுப்பினேன். அவர் வாங்கில் இருந்ததையும் எழுதினேன். பிழையைக் கண்டால் துடைத்துவிடவேண்டும் எனக்கு. கூரில் இறங்கும்போது உடம்பு இலேசாக இருந்தது.

குழுவில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு காசு வந்தது, சொன்னதைவிடக் கூடவே வந்தது. அக்கா அவ்வளவையும் என் கையாலேயே திருப்பி அனுப்பினார். என்னை ஏசவில்லை. "ஏன் சொன்னனீ" என்று மட்டும் கேட்டார். அந்த வருடக் கொடுப்பனவு போனது, அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டவேண்டியதைக் கட்ட ஆடுகளில் பாதி விலைக்குப் போனது, அடுத்த வருடத்தோடு குத்தகையும் முடியும் என்று கிராமசபையின் கடிதம் வந்தது. இவையெல்லாம் விதிப்படி. ஒருவரிலும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர.

அடுத்த வருடம் யூலை பதினைந்து கழிந்த முதல் சனிக்கிழமை. அக்கா ஒவ்வொருவருக்கும் தானே போன் எடுத்திருந்தார். "இப்ப வெட்டலாம், வாங்கோ." எல்லோரும் ஓம் என்றார்கள். கூர் பஸ் நிலையத்தில் நானும் மனைவியும் நின்றோம். காத்திருந்தோம். ஒருவருக்குக் காய்ச்சலாம், ஒருவருக்கு வேலையாம். பெரிய மாமாவுக்கு மட்டும் சாட்டுச் சொல்லத் தெரியவில்லை. "எந்த முகத்தோட வாறது" என்று போனில் சொல்லி வைத்துவிட்டார்.

புல் திரும்ப வந்திருந்தது. காய்ந்து பழுப்பாகி, விதையெல்லாம் கொட்டி, வெட்டுவதற்கு ஏற்றபடி நின்றது. பாறைக்குப் பக்கத்தில் அந்த நடுங்குகிற புல்கூட ஒன்றிரண்டு நின்றன. அக்கா எங்கள் இருவருக்கும் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார். பிறகு, "வாங்கோ, உள்ள வாங்கோ" என்றார்.

குசினி மேசையில் ஒரு துவாய் விரித்து, அதன்மேல் கப்புகள். பழம்பொருள் கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கவேண்டும், ஒன்றுபோல் ஒன்று இல்லை. எண்ணினேன். பதினாலு.

தேத்தண்ணீர் மூன்றில் ஊற்றினார். குடித்து முடித்ததும் என் கை வழக்கம்போல எழும்பியது. மிச்சக் கப்புகளை அடுக்கி எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டால் போதும், அந்த மேசையைப் பார்க்காமல் இருக்கலாம் என்றிருந்தது. இரண்டை எடுத்தும்விட்டேன்.

"இருக்கட்டும் விடு தம்பி" என்றார் அக்கா. யன்னலால் மேலே பஸ் தரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூண்டேகாலுக்கு இன்னொரு பஸ் இருக்கு."